கேட் எழுதுவதா, டான்செட் போதுமா?

ஜூலை கடைசி வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய அப்பா அம்மா கேட்பார்கள்: "எம்.பி.ஏ. சேரணும், எந்தத் தேர்வு எழுதினால் நல்லது?" இந்திய மேலாண்மை நிறுவனங்கள் (ஐ.ஐ.எம்.) நடத்தும் நுழைவுத் தேர்வான கேட்டுக்கு (CAT) விண்ணப்பம் ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து செப்டம்பர் நடுவில் மூடிவிடுவதால், யோசிக்கவும் அதிக நாள் இருக்காது. அவசரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் எழுதுகிறான் என்று கேட்டுக்குப் பணம் கட்டுகிறவர்களும், "அதெல்லாம் நமக்கு எட்டாது" என்று தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கான மார்ச் மாத டான்செட்டுக்குக் காத்திருக்கிறவர்களும் நிறையப் பேர்.

நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: முதலில் கல்லூரிப் பட்டியலைப் போடுங்கள். எந்தெந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தால் மறுபேச்சில்லாமல் போய்ச் சேர்வீர்கள்? அதற்கு வீட்டால் எவ்வளவு தர முடியும், எவ்வளவு கடன் வாங்கத் துணிவீர்கள்? இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிவிட்டால், எந்தத் தேர்வு என்ற கேள்விக்குப் பாதி விடை தானாக வந்துவிடும். சேரவே மாட்டோம் என்று தெரிந்த கல்லூரிக்காக ஒரு தேர்வு எழுதுவது பணத்துக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு.

கேட்டிலிருந்து தொடங்கலாம், மற்ற தேர்வுகளுக்கான தயாரிப்பும் பெரும்பாலும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நவம்பர் கடைசி ஞாயிறன்று பெரும்பாலும் நடக்கும். ஐ.ஐ.எம்.களில் ஒன்று முறை வைத்து நடத்தும். 2024-ல் கொல்கத்தா, 2025-ல் கோழிக்கோடு. ஐ.ஐ.எம்.களுக்கு மட்டும்தான் கேட் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. டெல்லியின் எஃப்.எம்.எஸ்., குர்கானின் எம்.டி.ஐ. போன்ற மேலாண்மைக் கல்லூரிகளும் கேட் மதிப்பெண்ணில்தான் அழைக்கின்றன. முன்பு தனித் தேர்வு நடத்திய ஐ.ஐ.எஃப்.டி.யும் மும்பையின் டிஸ்ஸும் இப்போது கேட்டுக்கு வந்துவிட்டன. தமிழ்நாட்டுக்குள்ளேயே பார்த்தால், 2011-ல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம்., சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறை, திருச்சி என்.ஐ.டி., திருச்சியிலேயே பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம், லயோலா வளாகத்தில் இருக்கும் லிபா, மாமல்லபுரம் பக்கம் கிரேட் லேக்ஸ் என்று கேட் மதிப்பெண் செல்லுபடியாகும் இடங்கள் கணிசம். வீட்டை விட்டு ரொம்ப தூரம் போக முடியாத பெண் பிள்ளைகளுக்கும் கேட்டில் வழி இருக்கிறது என்று பெற்றோர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இனி அந்தத் தேர்வுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, பகுதிக்கு 40 நிமிடம். முதலில் ஆங்கிலம், அடுத்து டேட்டாவும் லாஜிக்கும், கடைசியில் கணக்கு. ஒரு பகுதிக்கான நேரம் ஓடி முடியாமல் அடுத்ததற்குப் போக முடியாது, முடிந்ததற்குத் திரும்பவும் முடியாது. 2024-ல் 68 கேள்விகள்: 24, 22, 22. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறானால் 1 கழியும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளில் கழிவு கிடையாது. மொத்தம் 204. இதில் பாதிக்குப் பக்கத்தில் எடுத்தாலே 99 பர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் 99 சதவீதம் பேரை முந்திய நிலை, அருகில் வந்துவிடலாம். முதல்முறை இதைக் கேட்கும் மாணவர்கள் நம்புவதில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் 90-க்குக் கீழே போனால் அழுத பிள்ளைகளுக்கு, பாதியை விட்டுவிட்டு வருவதுதான் சரியான ஆட்டம் என்பதை ஏற்றுக்கொள்ளவே ஒரு மாதம் ஆகிறது.

நடுப்பகுதியைக் கிட்டத்தில் பார்த்தால் இது புரியும். டேட்டா-லாஜிக்கில் 22 கேள்விகள் ஐந்து செட்டுகளாக வரும். ஒரு செட் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஐந்து ஊர்கள், ஐந்து லாரிகள், ஒவ்வொரு லாரியும் ஒவ்வொரு ஊரிலும் இறக்கிய மூட்டைகளின் அட்டவணை. அதில் பாதிக் கட்டங்கள் காலி. கீழே ஆறு நிபந்தனைகள்: எந்த இரண்டு லாரியும் ஒரே எண்ணிக்கை இறக்கவில்லை, மூன்றாவது ஊரின் மொத்தம் முதல் ஊரைப்போல இரண்டு மடங்கு, இப்படி. நாலு கேள்விகள். அட்டவணை நிரம்பிவிட்டால் நாலும் இரண்டு நிமிடத்தில் முடியும். நிரம்பாவிட்டால் நாலில் ஒன்றுகூட வராது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் இங்கே சறுக்குவதற்குக் காரணம், முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் போடும் பழக்கம். முதல் செட் கடினமாக இருந்தாலும் விட மனசு வராது. பதினெட்டு நிமிடம் போன பிறகு ஒரு நிபந்தனையைத் தப்பாகப் படித்தது தெரியவரும். அப்புறம் மிச்சம் இருக்கும் 22 நிமிடத்தில் கை நடுங்கும்.

சரியான வழி, முதல் ஐந்தாறு நிமிடம் பேனாவைத் தொடாமல் ஐந்து செட்டையும் படிப்பது. எதில் எண்கள் குறைவு, எதில் நிபந்தனைகள் நேராக இருக்கின்றன என்று பார்த்து இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம். எட்டு நிமிடம் ஆகியும் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். இரண்டு செட் சுத்தமாக முடித்து மூன்றாவதில் கொஞ்சம் கிடைத்தால் அந்தப் பகுதியில் நல்ல நிலை. எதைப் போடுவது, எதை விடுவது என்கிற இந்தத் தெரிவு நேரம் வைத்து எழுதிப் பார்த்தால்தான் வரும். எந்தப் புத்தகமும் இதைக் கற்றுத் தராது.

ஆங்கிலப் பகுதியில் 24 கேள்விகளில் 16 நான்கு பத்திகளை ஒட்டியவை. சூழலியல், பொருளாதார வரலாறு, தத்துவம், மொழியியல் என்று எதிலிருந்தும் வரலாம். தமிழ்வழியில் படித்தவர்கள் இங்கே பயந்துவிடுகிறார்கள். அந்தப் பயத்தில் பாதி தேவையில்லாதது. இலக்கண விதி கேட்பது குறைந்துவிட்டது, ஒரு நீண்ட வாதத்தின் முடிச்சு எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். தமிழில் கனமான கட்டுரைகளை ஊன்றிப் படிக்கிற பழக்கம் உள்ள பிள்ளைக்கு அந்தத் திறமை ஏற்கெனவே இருக்கிறது. சேர வேண்டியது சொல்வளமும் வேகமும். தினம் இரண்டு ஆங்கிலக் கட்டுரை, ஒவ்வொன்றையும் படித்ததும் ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்று இரண்டு வரியில் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும். இரண்டு மாதத்தில் தெரியாது, அதனால் இதை மட்டும் முதல் நாளே தொடங்க வேண்டும். கணக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சதவீதம், லாப நட்டம், வேலை-நேரம், வேகம்-தூரம், கொஞ்சம் அல்ஜீப்ரா, வடிவியல். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் வந்தவர்களுக்கு இதில் அடித்தளம் உண்டு.

இவ்வளவும் செய்து நல்ல பர்சென்டைல் வந்தால் போதுமா? 2024-ல் கிட்டத்தட்ட 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். 99 பர்சென்டைல் என்றால் உங்களுக்கு முன்னால் ஏறக்குறைய 2,900 பேர். அகமதாபாத், பெங்களூரு போன்ற பழைய ஐ.ஐ.எம்.கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலைப் பட்டம் ஆகியவற்றின் மதிப்பெண்களையும் எடைபோட்டுத்தான் நேர்காணலுக்கு அழைக்கின்றன. மொத்த பர்சென்டைல் உயரத்தில் இருந்து ஒரு பகுதியில் மட்டும் கட்-ஆஃபுக்குக் கீழே போனாலும் அழைப்பு வராது. ஆகவே பத்தாம் வகுப்பில் 70 சதவீதத்தை ஒட்டி எடுத்தவர் பெங்களூரை மட்டும் மனசில் வைத்து ஒரு வருடத்தைச் செலவழிப்பது சரியான கணக்கு இல்லை. புதிய ஐ.ஐ.எம்.களில் பல சேர்ந்து ஒரே நேர்காணல் நடத்துகின்றன, அங்கே பழைய மதிப்பெண்ணின் பாரம் ஒப்பீட்டில் குறைவு. ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மும் தன் சேர்க்கை விதிகளை, எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற அட்டவணையோடு, இணையதளத்தில் வெளியிடுகிறது. அந்தப் பி.டி.எஃப்.பை எடுத்து உங்கள் மதிப்பெண்ணைப் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும். 2021-ல் மாநில வாரியத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒரு குறிப்பு: கொரோனா காரணமாக உங்கள் சான்றிதழில் மதிப்பெண் இல்லை, தேர்ச்சி மட்டும்தான். அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நீங்கள் விரும்பும் நிறுவனத்துக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

சான்றிதழ் என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கேட் விண்ணப்பத்தில் ஓ.பி.சி. என்று போட்டுவிடுகிறார்கள். ஐ.ஐ.எம்.களில் 27 சதவீத இடஒதுக்கீடு மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருப்பவர்களுக்கு, அதிலும் கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர்களுக்கு. அதற்குத் தனிச் சான்றிதழ், மத்திய அரசின் படிவத்தில், தாசில்தாரிடமிருந்து வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மாநிலச் சான்றிதழ் நிரந்தரம், இது அப்படி இல்லை. வருமான நிலையை ஒட்டியது என்பதால் புதிதாகக் கேட்பார்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை, அதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். கிரீமி லேயர் வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு: அப்பா அம்மா அரசு வேலையில் இருந்தால், அந்த 8 லட்சக் கணக்கில் அவர்களுடைய சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அப்பா அம்மாவின் அரசுப் பதவியின் தகுதிநிலை தனியாகப் பார்க்கப்படும். அப்பா அரசு அலுவலகத்தில் மாதம் 80,000 வாங்குகிறார், அதனால் நமக்கு ஓ.பி.சி. கிடையாது என்று தாங்களே முடிவு செய்து பொதுப்பிரிவில் எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தனியார் வேலையாக இருந்தால் விதி மாறலாம், ஆகவே தாலுகா அலுவலகத்தில் கேட்காமல் முடிவுக்கு வர வேண்டாம். விண்ணப்பத்தில் ஒருமுறை பிரிவைப் போட்டுவிட்டால் பின்னால் மாற்றுவது நடக்காத காரியம்.

சரி, டான்செட்டுக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது, பெரும்பாலும் மார்ச்சில். இரண்டு மணி நேரம், 100 கேள்விகள், சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும், ஓ.எம்.ஆர். தாள்தான். கேட் அளவுக்குக் கடினமில்லை. கேட்டுக்காக ஐந்து மாதம் ஒழுங்காகத் தயாரித்தவர் டான்செட்டின் பழைய வினாத்தாள்களை இரண்டு வாரம் போட்டுப் பார்த்தால் போதும். தேர்வுக்குப் பிறகு தமிழ்நாடு எம்.பி.ஏ. கலந்தாய்வு. 69 சதவீத இடஒதுக்கீடு, நமக்குப் பழக்கமான பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. சான்றிதழே இங்கே போதும்.

டான்செட்டைக் கொஞ்சம் கீழாகப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காதது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலோ கோவை பி.எஸ்.ஜி.யிலோ கலந்தாய்வில் ஓர் இடம் கிடைப்பது சாதாரணம் இல்லை. ஐ.ஐ.எம்.மில் இரண்டு வருடத்துக்கு ஆறு டேர்ம் (பருவம்). அதில் ஒரே ஒரு டேர்முக்குக் கட்டும் தொகையில் பல்கலைக்கழகத் துறை ஒன்றில் இரண்டு வருடப் படிப்பையே முடித்துவிடலாம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு. சென்னை, கோவை, திருப்பூர், ஓசூர் பக்கத்துத் தொழில் நிறுவனங்களில் வேலை பார்க்க நினைக்கிறவருக்கு, வீட்டுத் தொழிலையே எடுத்து நடத்தப் போகிறவருக்கு, இதைவிடச் செலவு குறைந்த நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதே நேரம் டான்செட் கலந்தாய்வில் முதல் பத்துப் பதினைந்து கல்லூரிகளுக்குக் கீழே போகப் போக நிலைமை வேகமாக மாறிவிடும். எம்.பி.ஏ. என்ற எழுத்துகள் மட்டும் கிடைக்கும், ஆசிரியரும் இருக்க மாட்டார், வேலைக்கு ஆளெடுக்க வருகிறவர்களும் இருக்க மாட்டார்கள். நல்ல ரேங்க் வராமல் அப்படி ஓர் இடத்தில் சேர்வதைவிட, கையில் இருக்கும் பட்டத்தோடு வேலைக்குப் போய் மறுபடி எழுதுவது நல்லது.

பணக் கணக்கை வாய்வார்த்தையாகப் பேசாமல் எண்ணாகப் பார்த்துவிடலாம். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இரண்டு வருடக் கட்டணம் 25 லட்சத்தைத் தாண்டுகிறது. புதிய ஐ.ஐ.எம்.களில் இதைவிடக் குறைவு, ஆனாலும் லட்சங்களில் இரட்டை இலக்கம்தான். 20 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 25,900 ரூபாய். படிக்கும் இரண்டு வருடத்தின் வட்டியும் அசலில் சேர்ந்தால் தவணை இன்னும் ஏறும். அதே நிபந்தனையில் 5 லட்சம் கடன் என்றால் மாதம் 6,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். முதல் மாதச் சம்பளம் கையில் 80,000, ஒரு லட்சம் என்று வரும் என்ற நம்பிக்கை இருக்கிற நிறுவனத்துக்கு 20 லட்சம் கடன் வாங்கலாம், வாங்கத் தயங்க வேண்டாம். அந்த நம்பிக்கை இல்லாத இடத்துக்கு அதே கடன் குடும்பத்தை அழுத்திவிடும். ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களுக்கு வங்கிகள் சொத்து அடமானம் இல்லாமலே கடன் தருகின்றன. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாத கடன் உண்டு. ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை தருவதாகவும் அறிவித்தார்கள். பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கேட்டை ஒதுக்க வேண்டியதில்லை.

மற்ற தேர்வுகளில் நான் தனியாக நிறுத்திச் சொல்வது ஸாட் (XAT) ஒன்றைத்தான். ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நடத்துவது, ஜனவரி முதல் ஞாயிறு. 1949-ல் ஏசு சபையினர் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மனிதவளப் படிப்புக்கு நாட்டில் தனி மரியாதை. கேட்டில் இல்லாத ஒரு பகுதி இதில் உண்டு: முடிவெடுத்தல். ஒரு தொழிற்சாலை மேலாளருக்குச் சிக்கல், தொழிலாளி ஒருவர் தப்பு செய்திருக்கிறார், ஆனால் அவரைத் தூண்டியது மேலதிகாரி, ஐந்து வழிகள் தந்திருக்கிறார்கள், எது சரி? இந்த மாதிரிக் கேள்விகள். வேலை அனுபவம் உள்ளவர்களும் நிறையப் படிக்கிறவர்களும் இதில் நன்றாகச் செய்கிறார்கள். தவறுக்குக் கால் மதிப்பெண் கழியும், எட்டுக்கு மேல் விடையளிக்காமல் விட்டால் அதற்கும் ஒவ்வொன்றுக்கும் 0.10 கழியும். கேட்டில் "விட்டுவிடு" என்று பழகிய கைக்கு இங்கே கொஞ்சம் திருத்தம் வேண்டும். நேரமும் பகுதிக்குப் பகுதி பூட்டப்படுவதில்லை என்பதால், ஒரு பகுதியில் பலவீனமானவருக்கு மூச்சு விட இடம் இருக்கிறது. நவம்பரில் கேட் சரியாகப் போகாதவருக்கு அதே தயாரிப்பில் ஐந்தாறு வாரத்தில் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு இது. லிபாவும் ஸாட் மதிப்பெண்ணை ஏற்கிறது. கேட் எழுதும் எல்லோரும் ஸாட்டும் எழுத வேண்டும் என்பேன்.

டிசம்பரில் வரும் சிம்பயோசிஸின் ஸ்நாப் ஒரு மணி நேரத்தில் 60 கேள்வி, வேகம்தான் எல்லாம். என்.எம்.ஐ.எம்.எஸ்.ஸுக்கான என்மேட் இரண்டு மணி நேரத்தில் 108 கேள்வி, தவறுக்குக் கழிவு இல்லை. இரண்டையும் ஒரே சீசனில் மூன்று முறை வரை எழுதலாம், ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம். புனேவிலோ மும்பையிலோ படிக்க உண்மையிலேயே விருப்பம், கட்டணமும் சமாளிக்க முடியும் என்றால் எழுதுங்கள். சிமேட், மேட் இரண்டும் உங்கள் பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு கல்லூரி கேட்டால் மட்டும். ஜிமேட் வேறு ரகம்: மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், கட்டணம் டாலரில், ஐ.எஸ்.பி. ஹைதராபாத் போன்ற ஒரு வருடப் படிப்புகளுக்கும் வெளிநாட்டுக்கும் பயன்படும். கடைசி ஆண்டு மாணவருக்கு இப்போது அவசியமில்லை, மூன்று நான்கு வருடம் வேலை பார்த்தவர் கட்டாயம் யோசிக்க வேண்டியது.

இப்போதே எழுதுவதா, வேலைக்குப் போய்விட்டு எழுதுவதா என்பது இன்னொரு குழப்பம். கடைசி ஆண்டில் ஒருமுறை எழுதிவிடுங்கள், இது என் உறுதியான கருத்து. படிக்கும் பழக்கம் விடுபடாத வயது, நாள் முழுக்க அலுவலகம் என்ற தடையும் இல்லை. வராவிட்டால், கிடைத்த வேலையில் சேர்ந்து அடுத்த நவம்பரில் மறுபடி எழுதலாம். வீட்டிலிருந்து ஒரு வருடம் கேட்டுக்கு மட்டும் படிக்கிறேன் என்பதை நான் ஆதரிப்பதில்லை. பட்டம் முடித்த பிறகான முழுநேர வேலைக்குப் பல ஐ.ஐ.எம்.கள் தனி மதிப்பெண் தருகின்றன. வேலை இல்லாத வருடத்துக்கு எதுவும் கிடையாது, நேர்காணலில் அதைப் பற்றி விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கும். தினம் எட்டு மணி நேரம் படிக்கும் தேர்வும் இது இல்லை. இரண்டரை மணி நேரம் மனம் ஊன்றிப் படித்தால் போதும், அதை வேலையோடு சேர்த்தே செய்யலாம். வீட்டில் சம்பளம் எதிர்பார்க்கிறார்கள் என்ற நெருக்கடி இருப்பவருக்கு இந்த வழி இன்னும் பொருந்தும். இரண்டு வருடச் சம்பளத்தில் கடன் தேவையும் குறையும், நேர்காணலில் பேசுவதற்கும் விஷயம் இருக்கும்.

பயிற்சி மையம் வேண்டுமா? சென்னையில், கோவையில் இருப்பவருக்கு நேரடி வகுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒழுங்கு தானாக வராதவர், கூடப் படிக்க நண்பர்கள் தேவைப்படுகிறவர் சேரலாம். தேனியில், ராமநாதபுரத்தில் இருப்பவர் அதற்காக நகரத்தில் விடுதி எடுத்துத் தங்க வேண்டியதில்லை. பாடம் இன்றைக்கு இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) மட்டும். ஒரு நல்ல மாக் தொடர் சில ஆயிரம் ரூபாய், நேரடி வகுப்புக்குக் கேட்கும் தொகையில் சிறு பங்கு. ஜூலையிலிருந்து பதினைந்து இருபது மாக் எழுதுவது ஒரு பக்கம், எழுதிய ஒவ்வொன்றையும் மறுநாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அலசுவது இன்னொரு பக்கம். பிந்தையதைச் செய்யாதவருக்கு எந்தப் பயிற்சி மையமும் உதவாது. போட முடியாத கேள்வியைவிட, போடாமல் விட்டிருக்க வேண்டிய கேள்விதான் அலசலில் முக்கியம்: எதில் பத்து நிமிடம் தொலைந்தது, ஏன் விட மனசு வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐ.ஐ.எம்.கள் தேர்வுக்கு முன் இணையதளத்தில் இலவச மாதிரித் தேர்வும் வெளியிடுவார்கள். உண்மையான திரை எப்படி இருக்கும், கால்குலேட்டர் எங்கே இருக்கும் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சி மையத்தில் சேர்வதென்றால், சுவரொட்டியில் உள்ள 99 பர்சென்டைல் முகங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே மாணவரின் படம் இரண்டு மூன்று மையங்களின் சுவரொட்டியில் இருக்கும், வகுப்பில் படித்தவரும் மாக் மட்டும் வாங்கியவரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். உங்கள் ஊர் மையத்தில், உங்களுக்குப் பாடம் எடுக்கப் போகும் அதே ஆசிரியரின் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

இதையெல்லாம் ஒரு ஆளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஈரோட்டுப் பக்கம் பி.காம். கடைசி ஆண்டு படிக்கும் பெண், பத்தாவதிலும் பன்னிரண்டிலும் 90-க்கு மேல், குடும்ப வருமானம் நடுத்தரம். அவருக்குக் கேட், ஸாட், டான்செட் மூன்றும், வேறு எதுவும் வேண்டாம். பொறியியல் மாணவர்கள் குவிந்திருக்கும் வரிசையில் வணிகவியல் படித்த பெண்ணுக்குச் சில ஐ.ஐ.எம்.களில் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. இன்னொருவர் மெக்கானிக்கல் முடித்து ஓசூர் தொழிற்சாலையில் இரண்டு வருடமாக வேலை, பள்ளி மதிப்பெண் சுமார். அவர் கேட்டில் சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., புதிய ஐ.ஐ.எம்.கள் என்று குறிவைத்து, ஸாட்டில் முழு மூச்சாக இறங்கலாம். வீட்டு நூல் மில்லைப் பார்க்கப் போகும் பையனுக்கு டான்செட் மட்டுமே போதும். கேட் எழுதாததால் அவனுக்கு எந்த இழப்பும் இல்லை.

கடைசியாக, இடம் கிடைத்த பிறகு வரும் சிக்கல். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல், மே வரை தனியார் நிறுவனங்கள் சேர்க்கை அறிவித்து, பத்து நாளில் ஒரு லட்சம் இரண்டு லட்சம் கட்டச் சொல்லும். டான்செட் கலந்தாய்வு அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். கையில் 14 லட்சக் கட்டணத்தில் ஒரு தனியார் பி.ஜி.டி.எம். (எம்.பி.ஏ. போன்ற மேலாண்மை டிப்ளமா) இடம், எதிரே இன்னும் நடக்காத கலந்தாய்வு. இந்த நிலையில் பலர் பயந்து கட்டிவிடுகிறார்கள். கட்டுவதற்கு முன்னால் மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். இணையதளத்தில் அந்த நிறுவனம் தந்திருக்கும் தரவைத் திறந்து பாருங்கள். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுநிலைச் சம்பளம் (எல்லோருடையதையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எவ்வளவு என்று மூன்று வருடத்துக்கு இருக்கும். விளம்பரத்தில் போடும் சராசரியை நான்கைந்து பெரிய சம்பளங்களே தூக்கிவிடும், நடுநிலைச் சம்பளத்தை அப்படித் தூக்க முடியாது. இந்தத் தகவலே இல்லாத நிறுவனத்திடம் தணிக்கை செய்யப்பட்ட பிளேஸ்மென்ட் அறிக்கை கேளுங்கள். நடுநிலை ஆண்டுச் சம்பளம் மொத்தக் கட்டணத்தில் பாதியைக்கூடத் தொடாத இடம் என்றால், நல்ல டான்செட் ரேங்க் வைத்திருப்பவர் கலந்தாய்வுக்குக் காத்திருப்பதே சரி.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ரசீதை வாங்கி வையுங்கள், அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். படிப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மிகாமல் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளுக்கான விதி. விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள், தேதி தெரியும்படி.